டேலி நோட்டு

துறைமுகத்தில் பெட்டி எண்ணுவது என் வேலை.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று,
ஐந்து.
கப்பல்காரன் பொய் சொல்வான், லாரிக்காரன் பொய் சொல்வான்,
கோடு சொல்லாது என்று
பத்தொன்பது வருஷமாக நம்பிவருகிறேன்.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கணக்கு டீச்சர் வராத நாட்கள்.
தனுஜா செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன்,
"இன்னிக்கி?"
உதட்டைப் பிதுக்குவாள்.
ஒரு கோடு.

அந்த நாட்களில்
ஆறாவதையும் ஏழாவதையும் ஒரே அறையில் அடைத்து
"சத்தம் போடாம எழுதுங்க" என்பார்களாம்.
எதை எழுத?
என் மகள் ஒரு பக்கம் முழுக்கத்
தன் பெயரையே எழுதிவைத்திருந்தாள்.
கடைசி வரிக்கு வரும்போது
கையெழுத்து நன்றாகவே வந்திருந்தது.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம்.
ஐஸ் கம்பெனி முனிரத்தினம் கை ஈரம் காயாமல் வந்திருந்தார்.
"அரை நாள் கூலிய வுட்டுட்டு வந்துக்குறேன்" என்று
உட்காரும் முன்பே சொன்னாள் ஜைத்தூன்.
நான் நோட்டை மேஜைமேல் விரித்தேன்.
அறுபத்தெட்டு நாளில் இருபத்தேழு.

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.
"நிரந்தரப் பணியிடம் காலி.
இந்தம்மா நிர்வாகம் போட்ட ஆள்.
ஒன்பதாயிரம்.
அதுவும் ஜூலையோடு நின்னுபோச்சு.
வந்த நாளுக்கே குடுக்காதவன்
வராத நாளுக்கு என்னன்னு கேப்பேன், சொல்லுங்க."

"அது உங்க பஞ்சாயத்து சார்,
எம்புள்ள இன்னா பண்ணுவான்?" என்றார் முனிரத்தினம்.

பதிலுக்கு ஒரு ரெஜிஸ்டர் வந்தது.
கூட்டத்துக்கு வந்ததற்குக் கையெழுத்து.
எங்கள் வருகைப்பதிவில் ஒரு குறையும் இல்லை.

திங்கள் டீச்சர் வந்தார்.
செவ்வாய் காலை பத்தரை,
நைட் ஷிப்ட் முடிந்து வருகிறேன்,
கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருக்கிறது.
சரக்கு ரயில்.
பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன்.
பதினாலாவது பெட்டியில்தான் கவனித்தேன்,
பக்கத்தில் நிற்பது சுகிர்தா டீச்சர்.
கழுத்தில் எம்.சி. ரோடு துணிக்கடையின் அட்டை.
என்னைப் பார்த்ததும் அதைத் துப்பட்டாவுக்குள் தள்ளினார்,
பரீட்சையில் பிட்டை ஒளிக்கும் பிள்ளை மாதிரி.

கேட்கத்தான் வாயெடுத்தேன்.
அவர் முந்திக்கொண்டார்.
"தனுஜாவுக்குப் பின்னம் புரிஞ்சுதா சார்?
பகுதி வேற வேறயா இருந்தாலும் அப்படியே கூட்டிடுறா."
ரயில் போய்க்கொண்டே இருந்தது.
"தீபாவளி வரைக்கும் பில் போடுறேன்.
தினக்கூலி. ராத்திரியே கையில குடுத்துடுறாங்க."

நாலு மாத ஓவர்டைம் பாக்கிக்கு
நடையாய் நடக்கிறவன் நான்.
அந்த 'ராத்திரியே' எனக்கு நன்றாகக் கேட்டது.

பாவம் என்று சொல்ல வந்தது.
சொல்லிவிட்டால் பின்னம் வந்துவிடுமா?
கோபமும் எங்கேயும் போகவில்லை.
யாரோ நிறுத்திவிட்டுப் போன சைக்கிளாக
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.
கேட் தூக்கினார்கள்.
எத்தனை பெட்டி என்று தெரியாமல்
ஒரு வண்டியை நான் விட்டது அன்றுதான்.

ராத்திரி நோட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
வரவில்லைதானே.
கோடு போட்டேன்.
தனுஜா எட்டிப் பார்த்தாள்.
"எழுபதுக்கு இருபத்தெட்டு.
இதச் சுருக்கலாம்ப்பா" என்று
பென்சிலைப் பிடுங்கி,
இரண்டால் வகுத்து
முப்பத்தஞ்சுக்குப் பதினாலு என்று எழுதி
அங்கேயே நிறுத்திவிட்டாள்.

"இதுக்கு மேல?"

"இதுக்கு மேல டீச்சர் இன்னும் நடத்தல."