பிரிபடாத பாகம்

பத்திரத்தில் எனக்கு
இருநூற்றுப் பதினேழு சதுர அடி
பிரிபடாத பாகம் என்று இருக்கிறது.
மஞ்சக்குப்பத்தில், மைதானத்துக்குப் பின்னால்,
பதினாறு வீடு நிற்கிற மண்ணில்
அது எந்த மூலை என்று
விற்றவருக்குத் தெரியாது,
கடன் கொடுத்த வங்கிக்குத் தெரியாது,
பதினெட்டு வருஷம் தவணை கட்டிய
எனக்கும் தெரியாது.

போன கார்த்திகையில் தெரிந்தது.
கெடிலம் கரை தாண்டவில்லை, வெறும் மழைதான்.
கழிவுத் தொட்டி நிரம்பிச் சம்புக்குள் வழிந்தது.
இரண்டும் சேர்ந்து லிஃப்ட் குழிக்குள் இறங்கின.
என் இருநூற்றுப் பதினேழு அடியும்
இருசப்பன் வீட்டு அடியும்
ஜபருல்லா வீட்டு அடியும்
ஒரே நாற்றமாய்
பிரிக்க முடியாமல் கிடந்தன.

மாநகராட்சி லாரி வந்தது.
தெருவை உறிஞ்சியது.
எதிர்வரிசைத் தனிவீடுகளுக்கெல்லாம்
பிளீச்சிங் பவுடர் தூவியது.
எங்கள் வாசலில் எஞ்சினை அணைக்காமல் நின்று
"உள்ள வர ஆர்டர் கிடையாதும்மா,
கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் எங்களது"
என்றார் டிரைவர்.
சொத்து வரி, பாதாளச் சாக்கடை வரி,
பதினாறு வீட்டு ரசீதையும்
பாலித்தீன் பையோடு தூக்கி ஆட்டினேன்.
"அதுல கேட்டுன்னு போட்டிருக்கா பாருங்க."
போடவில்லைதான்.

நான் பொருளாளர்.
வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் பொருளாளர்.
சங்கக் கணக்கில் பதினோராயிரத்துச் சொச்சம்.
இரண்டு டி மஸ்கட்டில் இருக்கிறார்.
மூன்று ஏ பதினான்கு மாசம் பாக்கி;
கேட்டால், நான் லிஃப்டில் ஏறுவதே இல்லையே என்று
மூன்றாம் மாடியிலிருந்து
மூச்சிரைக்க இறங்கி வந்து சொல்வார்.
தரைத்தளத்து அற்புதமேரிக்குக்
கட்டில் கால் முக்கால் அடி நீருக்குள்.
அவள் மட்டும் கேட்காமலே கொடுத்தாள்.
ஐந்நூறு ரூபாய், ஈரமாக.
இஸ்திரிப் பெட்டி வைத்து உலர்த்தினேன்.

தை மாசம் மாமன்றத்தில் தீர்மானமாம்:
அடுக்ககங்களுக்கும் இனிமேல்
கேட்டுக்கு உள்ளே வருவார்கள்.
வடிகால் வேலையில் பாதிச் செலவு அவர்களுடையது.
செவ்வாய்தோறும் தனி மேசை.

போனேன்.
மேசை இருந்தது. ஆள் சாப்பிடப் போயிருந்தது.
அடுத்த செவ்வாய் ஆளும் இருந்தாள்,
இளநிலைப் பொறியாளர் தமயந்தி.
விண்ணப்பத்தில்
உரிமையாளர் பெயர் என்பதற்கு எதிரே
ஒரே ஒரு கோடு,
என் சுண்டுவிரல் நீளம்.
பதினாறு பேரை எங்கே எழுத?
அவள் பேனா மூடியைக் கடித்தாள்.
அவளுக்கும் இதுதான் முதல் விண்ணப்பம்.
"பொடிசா எழுதுங்க மேடம்.
பத்தலன்னா பின்பக்கம் போங்க."

பொடிசாய் எழுதினேன்.
இருசப்பன் மடியில் அற்புதமேரி,
அவள் தோளில் கோதண்டபாணி,
பள்ளிக்கூட ஷேர் ஆட்டோ போல நெருக்கிக்கொண்டு.
ஜபருல்லாவின் 'லா'
கோட்டைத் தாண்டித் தொழில் கட்டத்துக்குள் விழுந்தது.
மஸ்கட்காரர் பின்பக்கத்தில் தனியாய்.

கையெழுத்துக்கு ஏழு வாரம்.
பாக்கியைப் பற்றிப் பேச மாட்டேன் என்று
நான் எழுதிக் கொடுத்தபின்
மூன்று ஏ போட்டார்.
(பேசுவேன்.)

சித்திரையில் லாரி வந்தது. அதே டிரைவர்.
முனையில் பண்ருட்டிப் பலா வண்டி மறித்ததில்
முக்கால் மணி தாமதம்.
ரிவர்ஸில் உள்ளே நுழைகையில்
பின்சக்கரம் கேட்டுத் தூணை உரச
ஒரு முழம் பூச்சு பொலபொலவென்று கொட்டியது.

எல்லோரும் தூணைப் பார்த்தோம்.
தூண் உள்ளேயா, வெளியேயா?
டிரைவர் என்னைப் பார்த்தார்.
நான் ரசீதுப் பையைத் தடவிக்கொண்டேன்.

தமயந்திதான் முதலில் அசைந்தாள்.
மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு
குழி விளிம்பில் குந்தி
அளவு நாடாவின் ஒரு முனையை நீட்டினாள்.
பக்கத்தில் நின்றவர் மூன்று ஏ.
"இறுக்கிப் புடிங்க சார், விட்டுடாதீங்க."
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
அவர் பிடித்தார்.