வட்டத்தின் மேல் ஒரு தீ

பீப்பாயில் ஒட்டிய சித்திரம் இவ்வளவுதான்:
ஒரு வட்டம், அதன் தலையில் ஒரு தீ.
உள்ளே இருப்பதோ தண்ணீர் போலத் தெளிவு.
தான் எரியாது.
எரிய நினைக்கும் எதற்கும்
மூச்சைக் கடன் கொடுக்கும்.

சால்மன்களின் மேல் ஒட்டும் கடற்பேன்களுக்காக
ஃபாரோ தீவுகளின் இந்த ஃபியோர்டுக்கு
கப்பலில் வருகிறது பெராக்சைடு.
மூடியில் மூச்சுத்துளை உண்டு, அடைக்கக் கூடாது.
மிஞ்சியதைத் திரும்ப ஊற்றக் கூடாது:
ஒரு துரு போதும், ஒரு மீன்செதில் போதும்,
உள்ளுக்குள் கொதிக்கத் தொடங்கிவிடும்.
இதையெல்லாம் பெய்னிருக்குச் சொல்லவேண்டிய ஆள் நான்.
என் கிடாய் அவன் வேலி தாண்டிய நாளிலிருந்து
பதினோரு மாதமாக
சீட்டில் எழுதித்தான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை குழாய் இணைப்பு நழுவியது.
காப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தான்,
ஆவி படிகிறதென்று.

தண்ணீர். வேறொன்றும் இல்லை, தண்ணீர்.
கசக்காதே. யாரும் பால் தேடி ஓடவேண்டாம்.
பிடரியைப் பிடித்து
இளஞ்சூட்டுக் கண்கழுவு தொட்டிக்கு இழுத்துப்போனேன்.
மூடிக்கொள்ளப் பார்ப்பது இமையின் வேலை;
திறந்து பிடிப்பது என் வேலை.

அவன் போட்டிருந்தது கம்பளிச் சட்டை,
நெஞ்செல்லாம் நனைந்திருந்தது.
தலைவழியே உருவினால் முகத்தில் மறுபடி படும்.
இமையை சுன்வாவிடம் கொடுத்துவிட்டுக்
கத்தரிக்கோல் எடுத்தேன்.
கழுத்திலிருந்து இடுப்புவரை,
நான் பின்னிக் கொடுத்த சட்டை.
இடத் தோளில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது.
பின்னும்போதே தெரியும், அவனிடம் சொன்னதில்லை.

கையுறை போட மறந்திருந்தேன்.
விதியை எழுதியவளே நான்.
விரல்நுனிகள் சுண்ணாம்பாய் வெளுத்து
ஊசி ஊசியாய்க் குத்தின.
அதற்கும் தண்ணீர்தான், அதே தொட்டியில்,
அவன் முகத்தருகே.

பதினைந்து நிமிடம் என்று
சுவரில் ஒட்டும்போது சின்னதாகத்தான் இருந்தது.
ஏழாவது நிமிடத்தில் அவன் வாய் திறந்தான்:
"அந்த வேலி..."
"பேசாதே," என்றேன், "வாய்க்குள் போகும்."

படகு அவனைத் தோர்ஷவ்னுக்குக் கொண்டுபோனது,
வழியெல்லாம் கண்ணில் நீர் ஊற்றியபடி சுன்வா.

வெட்டிய கம்பளியை அடுப்பருகே உலர்த்தக் கூடாது;
காயக் காய, தானே பற்றிக்கொள்ளும்.
வாளி நிறையக் தண்ணீரில் அமிழ்த்தினேன்.
சிறு சிறு குமிழிகள்.
பழுப்பு ஓரமெல்லாம் வெளிறிக்கொண்டிருந்தது.

யாரும் தொடாதிருக்க வாளிமேல் சீட்டு எழுதி ஒட்டினேன்.
அவனுக்கு மட்டும்
நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று
பெயரை விட்டுவிட்டேன்.