மூன்றாவது செக்டர்

கோபுரத்துக்கு மூன்று காதுகள்.
வடகிழக்குக் காது பதினோரு நாளாய் மந்தம்.
ஏரிக்கு அப்பாலிருந்து பேசுகிறவர்கள்
பாதி வாக்கியத்தில் அறுந்துபோகிறார்கள்.
அருகில் இருக்கும் போன்கள் தப்பித்துக்கொள்கின்றன.
வெள்ளம் ஏறும்போது
குட்டைச் செடிகள்தாமே முதலில் மூழ்கும்?

கின்டௌடாஸ் ஓட்டுகிறான்.
வண்டியில் ஹீட்டர் பழுது,
அவன் பேச்செல்லாம் அதைப் பற்றியே.
நான் ஆன்டெனாவை மெல்லத் திருப்புகிறேன்.
திரையில், 1924 மெகாஹெர்ட்ஸில்,
காசு கொடுத்து வாங்கிய அலைவரிசைக்குள்
யாரோ கூடாரம் அடித்திருக்கிறார்கள்.

முதலில் பால்பண்ணை மின்வேலியைச் சந்தேகித்தோம்.
இல்லை.
பிறகு பள்ளிக்கூடத்துக் கூரை.
அதுவும் இல்லை.
பனிமூடிய சாலை முடியுமிடத்தில்
மேடு சட்டென்று மலையானது.
இவ்வளவு கிட்டே வந்துவிட்டால்
கருவியின் காதைப் பொத்த வேண்டும்:
பத்து டெசிபெல், இன்னுமொரு பத்து.
இல்லையென்றால் எல்லாத் திசையும் ஒரே திசை.

டயர் ஒட்டும் ஜெனோனாஸ்
காலுறையோடு கதவைத் திறந்தார்.
"என் வீட்டில் ரேடியோவே கிடையாது."
டிவியை அணைத்தார். ஓவனைப் பிடுங்கினார்.
மலை அசையவில்லை.

மாடியில், பனிச்சறுக்குக் கட்டைகளின் பின்னால்,
ஒரு பச்சை விளக்கு.
சிகாகோவிலிருந்து மைத்துனி கொண்டுவந்த
கம்பியில்லாத் தொலைபேசியின் பீடம்.
அந்த ஊரில் சட்டப்படி; இந்த ஊரில் குற்றம்.
புது ப்ளக் போர்டு வாங்கிய அன்று
எது எதற்கென்று பாராமல்
எல்லாவற்றையும் சொருகியிருக்கிறார்.

"கையில் பிடிக்கும் பாகம்?"

"ஏரியில். நாலு வருஷம் ஆச்சு.
ஐஸில் துளையிட்டு மீன் பிடிக்கப் போனபோது
அவ்வளவு தூரம் எடுக்குமா என்று பார்க்க
கொண்டுபோனேன்."

"எடுத்ததா?" என்றான் கின்டௌடாஸ்,
அதுவரை காணாத ஆர்வத்தோடு.

"துளை வரைக்கும் எடுத்தது."

நொடிக்கு நூறு தடவை
இருக்கிறாயா இருக்கிறாயா என்று
தண்ணீருக்கடியில் கிடக்கும் ஒன்றை
விடாமல் அழைத்துக்கொண்டிருந்தது பீடம்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
ஊதி ஊதியே ஊரைச் செவிடாக்கிய சங்கை
இன்றுதான் பார்த்தேன்.

பிடுங்கினேன்.
திரையில் மலை இருந்த இடம்
துடைத்த மேசை.

"அதில் கடிகாரமும் உண்டு,
அதற்காகவாவது விட்டுவைக்கலாமே" என்றார்.
படிவத்தில் கையெழுத்து வாங்கி
பீடத்தைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏரியின் மறுகரையில் வண்டியை நிறுத்தி
கின்டௌடாஸ் மனைவியை அழைத்தான்.
"கேட்கிறதா? கேட்கிறதா?"

ஸ்பீக்கரில் அவள் குரல், பக்கத்து இருக்கைபோல்:
"கேட்கிறது. கத்தாதே.
ஹீட்டரைச் சரிபார்த்தாயா?"