ஒரு சதவீதம்

ஏட்டுச் சுரைக்காயை
ஒவ்வொரு இரவும் அடுப்பில் ஏற்றிப் பார்க்க
ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன்.
பன்னிரண்டே காலுக்கு அது தானாக விழிக்கும்.
நான் எழுதிய கையேட்டைத் திறக்கும்.
விளக்கங்களைத் தாண்டிப் போகும், அவற்றை அது நம்புவதில்லை.
எடுத்துக்காட்டு வரும் இடத்தில் மட்டும் நின்று
கட்டளையை அப்படியே ஓட்டி
விடை இதுவென்று நான் அடியில் எழுதியதோடு
எழுத்தெழுத்தாக ஒப்பிடும்.
ஒரு புள்ளி பிசகினாலும் சிவப்பு.

காலையில் கோத்தகிரி ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இராது,
வெறும் வெள்ளை.
வர்க்கியை டீயில் தோய்த்தபடி திரையைப் பார்ப்பேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
அத்தனையும் பச்சை.

கட்டபெட்டிலிருந்து ஹாலன் பேசினார்.
பச்சைத்தேயிலையை எடைபோட்டு வாங்கி
ஃபேக்டரிக்கு ஏற்றிவிடுகிறவர்.
"உங்க கையேட்டுல இருந்ததத்தாம்மா அப்படியே போட்டேன்.
பதினோரு நாளா மழை.
கணக்கு இடிக்குது."

நாற்பத்தோராம் பக்கம்:

    கழிவு(38.0, உண்மை)
    34.2

முப்பத்தெட்டு கிலோ நனைந்த இலை.
மழையா என்றால் உண்மை, பத்து சதவீதம் கழியும்.
நான் எழுதிய நாளில் அப்படித்தான் இருந்தது.
பிறகு ஜெயசீலி நிரலைத் திருத்தினாள்:
தூறலும் அடைமழையும் ஒன்றா,
இனி எத்தனை சதவீதம் என்றே கேட்போம்.
நல்ல திருத்தம். முதலில் கை தூக்கியவள் நான்.

அன்றிரவு இந்த ஒன்று மட்டும் சிவந்து நின்றது.
கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.
விடிந்தால் வெளியீடு.
அதன் தலையில் 'தாண்டு' என்று எழுதினேன்,
பக்கத்தில் எனக்கே ஒரு குறிப்பு: பிறகு பார்க்கணும்.
அது இருநூற்றுப் பதின்மூன்றாவது.

உண்மையை இயந்திரம் எப்படிப் படிக்கும்?
ஒன்று.
பொய்யென்றால் சுழி.
சதவீதம் கேட்ட இடத்தில் ஹாலன் உண்மையை வைத்தார்.
அது ஒரு சதவீதம் கழித்து
37.62 என்றது,
ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்.
மூட்டைக்கு மூன்றரை கிலோ மழையைக்
காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் மனிதர்.

"தப்புன்னா அது கத்தும்னு நெனச்சேன்."

கத்துவதற்குத்தான் அதை வைத்திருந்தேன், ஹாலன்.
வாயைப் பொத்தியது என் கை.

இரவுவரை காத்திருக்கவில்லை.
'தாண்டு' அழித்து ஓட்டினேன்.

    எதிர்பார்த்தது: 34.2
    கிடைத்தது: 37.62

எத்தனை நூறு முறை படித்த இரண்டு வரிகள்.
இப்போது ரசீது மாதிரி இருந்தன.

உண்மையை எடுத்துவிட்டுப் பத்து என்று போட்டேன்.
பச்சை.

மதியம் பஸ் ஏறினேன்.
வழியில் காட்டெருமை ஒன்று சாலையை மறித்து நின்றது,
டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.
கட்டபெட்டில் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து
பதினோரு நாள் சீட்டுகளையும் அவர் வாசிக்க
நான் பேனாவால் கழித்தேன்.
பாதியில் ஒரு பெண் மூட்டையைத் தராசில் இறக்கி
"ஈரம் எவ்வளவு போடுவீங்க?" என்றாள்.
ஹாலன் உள்ளே கைவிட்டார்.
ஒரு பிடி இலையை எடுத்துப் பிழிந்தார்.
விரலிடுக்கில் வழிந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"எட்டு."