நவம்பர்க் கட்டம்

நவம்பருக்கு வரும்போதுதான் எப்போதும் சண்டை.

கோலக் கெட்டில், மூடிப்போன டயர் கடையின் பின்கட்டு.
சீனக் கடை நாள்காட்டியின் முதுகில்
பன்னிரண்டு கட்டம் இழுத்திருந்தேன்
அடிமட்டம் இல்லாமல். பிப்ரவரி மட்டும் கொஞ்சம் கோணல்.
பணப்பெட்டி என் பொறுப்பு:
நாற்பத்திரண்டு குடும்பம், மாதம் அறுபது வெள்ளி,
விளைந்தாலும் விளையாவிட்டாலும் என்று
கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார்கள்.
விளையாத வாரத்தில்
அந்த ஒரு வரி மட்டும் எல்லோருக்கும் மறந்துவிடும்.

வானம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது,
ஊர் வாய் இன்னொன்று.
புரட்டாசியில் தாமான் முழுக்கக் காய் கேட்கும்.
அன்றைக்குப் பார்த்துக் கொடியில் வெறும் பூ.
தீபாவளிக்கு மறுநாள்
குளிர்பெட்டியில் ஆட்டிறைச்சி போக இடமில்லை;
பயற்றங்காய் அன்றுதான் முழம் முழமாய்த் தொங்கும்.
தைப்பூச விரதத்துக்குக் கீரை கீரை என்பார்கள்.
பால்மரங்கள் இலை கொட்டி நிற்கும் மாதம் அது,
கிணற்று வாளி மண்ணைச் சுரண்டிக்கொண்டு வரும்.
ரொஹானி அக்காவின் நோன்போ
ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது.
வெள்ளரி விதையை அதன் கூடவே
இடப்பக்கமாய்த் தள்ளித் தள்ளி
எனக்குப் பாதி ரப்பர் தேய்ந்துவிட்டது.

இன்பவல்லி தன் தாளை நீட்டினாள்.
டயாலிசிஸ் மையத்தில் தாதி. அதிகம் பேசமாட்டாள்.
நம் குடும்பங்களில் ஒன்பது பேர்
வாரம் மூன்று நாள் அவளுடைய நாற்காலியில்.
"இவங்க கூடையில கீரை வேணாம்.
புடலை, சுரைக்காய் அளவாப் போகலாம்."
மார்ச் முழுவதையும் அழித்தேன்.
அழித்த இடத்தில் தாள் கிழிந்தது.
பின்னால் சீனத்து நாள் ஒன்று சிவப்பாய்த் தெரிந்தது.

பிறகு நவம்பர்.
"ஆத்தோரப் பாத்தி மொத்தத்துலயும் போட்டுடுவோம்"
என்றான் நீலமேகன்.
மூன்று வருடமாய் இதே வாக்கியம்.
முதல் வருடம் காங்கோங். அடுத்தது சவி. போன வருடம் வெண்டை.
மூன்றையும் சுங்கை கெட்டில் வேரோடு வாங்கிக்கொண்டது,
கூடை கூடக் கொண்டுவராமல்.
"இந்த வருஷம் மழை கம்மியாம்."
யார் சொன்னது?
"லோரிக்காரன்."
லோரிக்காரனுக்கு யார் சொன்னது என்று
ரொஹானி அக்கா சிரிக்காமல் கேட்டார்.
அவன் சட்டைப்பையில் விதைப் பொட்டலங்கள்
ஏற்கனவே வாங்கியாயிற்று, அவன் சொந்தக் காசில்.
அதற்குமேல் எனக்கு வாதாட மனமில்லை.

கட்டத்தில் எழுதினேன்: ஆறு.

நீலமேகன் எட்டிப் பார்த்தான்.
ஆற்றோரப் பாத்திகள் ஆறு. சரியாய்ப் போயிற்று.
முகம் மலர்ந்து எல்லோருக்கும் தே தாரிக் சொன்னான்.
இன்பவல்லியும் பார்த்தாள்.
பாத்தியா, தண்ணியா என்று
புருவத்தால் கேட்டாள்.
நான் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

அதன் கீழே பொடி எழுத்தில்:
மூன்று வாரம் கூடை இல்லை.
பூசணி இப்போதே ஊன்றி, அக்டோபரில் அறுத்து
டயர் அடுக்கும் பலகையில் காயவைக்க வேண்டும்,
வீட்டுக்கு இரண்டு, மையத்து ஒன்பது வீட்டுக்குச் சுரைக்காய்.
தண்ணீர் வடிந்தால் விரல் ஆழம் வண்டல் இருக்கும்,
பயறு அதில்.
உரச் செலவு: இல்லை.

நாற்பத்து மூன்றாவது பங்காளி
ஒரு மாதமும் பணம் கட்டியதில்லை,
ஆனால் கடன் வைத்ததில்லை என்றும்
கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

அவனிடம் எப்போது சொல்வது என்று தெரியவில்லை.
விதைக்கான காசைப் பெட்டியிலிருந்து எடுத்து
உறையில் அவன் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.
பதினான்கு வெள்ளி அறுபது காசு.

தே தாரிக் வருவதற்குள்
தகரக் கூரையில் நாலு துளி, பிறகு நாற்பது,
ஆடி மாதம், எந்தக் கட்டத்திலும் இல்லாத மழை.
தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.
நீலமேகன் வாசலில் நின்று
லோரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான்.