நாலு ஒன்று எட்டு

கீழ்வீட்டு விஸ்வால்திஸிடம்
ஐந்து யூரோவுக்கு வாங்கினேன்.
மாடிப்படிச் சுவரில் சீட்டு ஒட்டியிருந்தான்:
கம்பியில்லா கீபோர்டு. நல்ல நிலை.
இடைவெளிக் கட்டை மட்டும் லேசாக முனகும்.

என்னுடையது அன்று மாலை
அரைக் கோப்பை காபி குடித்துச் செத்திருந்தது.
காலை ஒன்பதுக்குள் துறைமுகத்துக்குப் போகவேண்டும்
நாற்பத்தோரு கொள்கலன்களின் கணக்கு.

பொல்டெராயாவில் ஜனவரி.
பனிக்கட்டியில் வைத்த மீன் போல
நான்காம் மாடி வெப்பக்குழாய்.
கையுறையின் விரல்நுனிகளைக் கத்தரித்துக்கொண்டு
மேசைக்கடியில் தவழ்ந்தேன்.

புது பேட்டரி. நீலப் புள்ளி சிமிட்டியது.
கணினி தேடத் தொடங்கியது.
கிடைத்தவை:
யாரோ ஒருவரின் காதுக்கருவி,
ஆல்பெர்ட்ஸின் டிவி,
ஒரு பல்துலக்கி (ஆமாம், பல்துலக்கி),
கடைசியில், என் கீபோர்டு.

திரை ஆறு எண்களைக் காட்டியது.
தட்டி, எண்டர் அழுத்து என்றது.
418206.
எண்டர்.
சிமிட்டல் நின்று நீலம் நிலையாக எரிந்தது.
சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.
சேர்ந்துதான் இருந்தது.
என்னோடு இல்லை.

மறுபடி 418206.
மறுபடி.
ஒவ்வொரு எண்ணையும் குழந்தைக்கு ஊட்டுவதுபோல
நிறுத்தி நிதானமாக,
நாலு. ஒன்று. எட்டு.
திரை சொன்னது: இணைக்க முடியவில்லை.

அணைத்துப் போட்டால் சரியாகும் என்பார்களே,
அணைத்துப் போட்டேன்.
இப்போது கடவுச்சொல் கேட்டது.
கடவுச்சொல்லுக்குக் கீபோர்டு வேண்டும்.
கீபோர்டைச் சேர்க்க உள்ளே போகவேண்டும்.
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியுமாம்,
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணமாம்.

இரவு பதினொன்றே முக்கால்.
எங்கும் போய்ச் சேராத கட்டைகளில்
மனதில் வந்ததையெல்லாம் தட்டினேன்.
எங்கள் ஊரில் ஒருவரைத் தொலைந்து போ என்பதற்குச்
சொல்வது: காளான் பொறுக்கப் போ.
அதைத் தட்டினேன்.
ஜனவரியிலேயே போ என்றும் சேர்த்தேன்.
எண்டரை முஷ்டியால் குத்தினேன்.

மூன்று நிமிடம்.
கதவு தட்டும் ஓசை.
வீட்டுச் செருப்பும் ரோமத் தொப்பியுமாக விஸ்வால்திஸ்.
முகத்தில் ரத்தமே இல்லை.

"ஸைகா, நீ இப்போது
என்ன தட்டினாய்?"

வெப்பக்குழாயைப் பற்றி மூன்றாவது குளிர்காலமாக
கட்டட நிர்வாகி மில்டாவுக்கு எழுதிக்கொண்டிருந்தானாம்,
குடியிருப்போர் எல்லோரும் பார்க்கும் குழுவில்.
'பெருமதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் கவனத்திற்குப் பணிவுடன்'
என்பது வரை வந்து
அடுத்த சொல்லைத் தேடித் தேநீர் போடப் போயிருக்கிறான்.

திரும்பி வந்தால், பணிவுடனுக்குப் பக்கத்தில் 418206.
அனுப்பப்பட்டது.
அதன் கீழ் 418206.
அதன் கீழ் 418206.
அதன் கீழ் காளான்.

ஐம்பத்தாறு வீடு படித்துவிட்டது.
இரண்டாம் மாடிக் கிழவர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்.

கீழே போனோம்.
அவன் கணினியில் பட்டியலைத் திறந்தோம்.
என் ஐந்து யூரோ அங்கே
பச்சைப் புள்ளியோடு, கூச்சமில்லாமல்,
இணைந்துள்ளது என்றிருந்தது.
பக்கத்தில் ஒரு பொத்தான்:
இக்கருவியை மறந்துவிடு.
"ஏழு வருஷம்," என்றான். அழுத்தினான்.
"அந்த ஐந்து யூரோவைத் திருப்பித் தரட்டுமா?"
வேண்டாம் என்றேன்.

மேலே வந்து கணினியை மீண்டும் ஒருமுறை எழுப்பினேன்.
கடவுச்சொல்லைச் சுட்டியால் ஒவ்வொரு எழுத்தாகக் கிளிக் செய்தேன்.
திரையின் மூலையில் அதற்கென்றே
ஒரு சின்னப் படம் இருந்திருக்கிறது, எத்தனை காலமாகவோ.
இம்முறை கேட்ட எண்கள் வேறு.
முதல் தட்டலிலேயே ஒத்துக்கொண்டது.

இரண்டு மணிக்குப் பதினேழாவது கொள்கலன்.
ஆறரைக்கு நாற்பத்தொன்று.
இடைவெளிக் கட்டை முனகத்தான் செய்தது.

எட்டே காலுக்கு,
மூன்று வருஷம் வராத குழாய்க்காரர் வந்து நின்றார்.
கையில் மில்டா அச்சடித்துக் கொடுத்த தாள்.
விரலால் தொட்டுக் காட்டினார்:
"இந்த 418206 என்ன, புகார் எண்ணா?"

ஆமாம் என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.
சுவருக்குள் எங்கோ
டொக் என்றது.