மேல்வீட்டுக் குழாய்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் ஹோல் கூரையில்
ஒரு கறை.
தேத்தண்ணி சிந்திய மேசைவிரிப்பு மாதிரி.
இரண்டு தரம் சுரண்டி, பட்டி வைத்து, வெள்ளை அடித்தோம்.
இரண்டு தரமும் அடுத்த கிழமையே
திரும்பி வந்தது.
மூன்றாம் தரம் மேசன் பாஸ் கரண்டியைக் கீழே வைத்தார்:
"இங்க பூசி வேலையில்ல நங்கி.
மேல குழாய் ஒழுகுது."

கிளினிக்கிலும் எனக்கு இரண்டாம் தரம்.
பெயரைக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான்.
மிஸ் இந்துனில் பழைய காட்டைப் புரட்டிவிட்டு
அரைத் தமிழில் கேட்டா:
"குளிசை எல்லாம் குடிச்சதா?"
எல்லாம். ஒரு நேரமும் தவறவில்லை.
"மஹத்தயா குடிச்சதா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"மருந்து பிழை இல்ல. நீங்க குணமாச்சு.
பிறகு திரும்ப வாங்கினது."
வாங்கினது.
கத்தரிக்காய் வாங்கினது போல அந்தச் சொல்
மடியில் குந்திக்கொண்டு
பம்பலப்பிட்டி தாண்டியும் பஸ்ஸால் இறங்கவில்லை.

மேல்வீட்டு ரஸீனின் கதவை
இரவு ஒன்பது மணிக்குத் தட்டியிருக்கிறேன்,
ஈரத்துணியும் கையுமாக,
கூச்சமில்லாமல்.
என் கட்டிலின் மறுபக்கத்தைத் தட்ட
எட்டு மாதம் போயிருக்கிறது.

அன்றிரவு துண்டைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஒரு இலக்கம், ஒரு திகதி, ஒரு முத்திரை.
வருத்தத்தின் பெயர்கூட அதில் இல்லை.
எரிவில்லை, நோவில்லை,
எனக்கு ஒன்றுமேயில்லை என்றான் வாமதேவன்.
எங்கள் கூரை ஊறியபோது
மேலே நிலம் காய்ந்துதான் கிடந்தது என்றேன்.
"ஆரெண்டு கேக்கப் போறியோ?"
இல்லை.
எப்ப போவாய் எண்டுதான் கேக்கிறன்.

வியாழக்கிழமை போனான்.
அவனிடமும் ஒரு துண்டு கொடுத்தார்களாம்,
இன்னொரு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி.
எங்கே கொடுத்தாய் என்று நான் கேட்கவில்லை.
கொடுத்தாயா என்று கேட்டேன்.
ரெயில் கடந்து முடியும்வரை பேசாதிருந்து
ஓம் என்றான்.

ஒரே இரவில் தொடங்கினோம்.
இரண்டு கிளாஸ் தண்ணீர், இரண்டு குளிசை.
கலியாணத்தன்றுகூட இவ்வளவு சேர்ந்து
நாங்கள் ஒன்றையும் விழுங்கியதில்லை.
ஹோலில் பாய் விரித்தான், கறைக்கு நேர் கீழே.

ஐந்தாம் இரவு அறை வாசலில் வந்து நின்றான்.
கடற்காற்றில் திரைச்சீலை
இருவருக்கும் நடுவே ஊதிப் பெருத்தது.
"எல்லாம் சரியாத்தானே இருக்கு?"
குளிசை முடியேல்லை.
முடிஞ்சாலும் மிஸ் சொன்ன நாள் மிச்சமிருக்கு.
போய்ப் படுத்தான்.
அவன் புரளும் சத்தத்தை நான் கனநேரம் கேட்டேன்.
மன்னித்தேன் என்று எழுத இது இடமில்லை.
அதற்கு வேறு கிளினிக், வேறு கியூ.

லாச்சியில் இப்போது ஒரு கொண்டம் பெட்டி கிடக்கிறது.
அரிசிக்கடைக் கலண்டரில்
மூன்று மாதம் தள்ளி ஒரு சிவப்பு வட்டம்,
திரும்பச் சோதிக்க.
ஆரும் கேட்டால் காஸ் சிலிண்டர் வாற நாள் என்பேன்.

ரஸீன் குழாயை மாற்றிவிட்டார்.
கறை ஓரத்தில் வெளிறத் தொடங்கியிருக்கிறது.
பெயின்ற் வாங்கிவிட்டேன், அரை லீற்றர்,
கதவுக்குப் பின்னால் இருக்கிறது, மூடி இறுகியபடி.
மேலே அவர்கள்
இன்னும் கொஞ்ச நாள் குளிக்கட்டும்.